படித்த பாலிடெக்னிக்குக்கு நிதி திரட்டப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

சிறு நகரத்து அரசு பாலிடெக்னிக் ஒன்றில் டிப்ளமோ முடித்து, இன்று ஒசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கோயம்புத்தூரிலோ ஓரளவு நிலையாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மில் பலருக்கு ஒரு கட்டத்தில் படித்த இடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2021 கடைசியில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றேன். அடுத்த மூன்று ஆண்டுகளில் கைக்காசு ஒரு லட்சத்துக்கும் மேல் போனது, எடுத்த லீவுக்குக் கணக்கில்லை, வந்திருக்க வேண்டிய 18 லட்சம் ரூபாய் கண் முன்னால் வேறு பக்கம் திரும்பிப் போனது. இரவில் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன். இதில் பாதிக்கு மேல் யாராவது முன்னமே ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் நடந்தே இருக்காது. அந்த ஒரு மணி நேரப் பேச்சாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரி தென்மாவட்டத்தில் இருக்கிறது. மெக்கானிக்கல் வொர்க்ஷாப்பில் நான் பழகிய லேத்துகள் இன்னும் ஓடுகின்றன, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரம் ஒன்று பழுதாகிப் பல வருடமாகத் துணி மூடி நின்றது. எலக்ட்ரிக்கல் துறையில் பி.எல்.சி. (தொழிற்சாலை இயந்திரங்களைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) பயிற்சிப் பெட்டி ஒன்றைச் சுற்றி ஒரு வகுப்பே நின்று எட்டிப் பார்த்தது. எங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போகும் தொழிற்சாலைகளில் பி.எல்.சி. இல்லாத லைனே கிடையாது. நேர்முகத் தேர்வில் 'கையால் தொட்டிருக்கிறாயா' என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். சென்னை தரமணியில் இருக்கும் மையப் பாலிடெக்னிக் 1916-ல் தொழிற்பள்ளியாகத் தொடங்கியது. அப்படிப்பட்ட பழைய கல்லூரிகளுக்கு நூறு வருடத்து மாணவர்கள் பின்னால் இருக்கிறார்கள், அவர்களில் பெரிய பொறுப்பில் இருப்பவர்களும் உண்டு. எங்களுக்கு இருந்தது ஒரு வாட்ஸ்அப் குழு, வருடம் ஒரு சந்திப்பு, மதிய சாப்பாடு, குரூப் போட்டோ. அவ்வளவுதான்.

பொறுப்பேற்ற கொஞ்ச நாளிலேயே ஒரு நல்ல சேதி வந்தது. எங்களோடு படித்த ஒருவர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் சி.எஸ்.ஆர். நிதி (நிறுவனங்கள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டிய பணம்) மீதம் இருக்கிறது, மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும், உங்கள் கல்லூரிக்கு ஆட்டோமேஷன் லேப் அமைக்க 18 லட்சம் வரை தரலாம் என்றார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்று இரவே ஹெச்.ஓ.டி.க்குப் போன் போட்டு, மூன்று கொட்டேஷன் வாங்கி, ப்ரொபோசல் எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், பான் கார்டு, 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் பதிவு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் பதிவு), சி.எஸ்.ஆர்-1 பதிவு எண், மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு என்று ஒரு பட்டியல். எங்களிடம் இருந்தது முதல் காகிதம் மட்டும். அதுவும் 2008-ல் பதிவு செய்தது, அதன் பிறகு பல வருடமாகக் கணக்கே தாக்கல் ஆகவில்லை. மார்ச் 31 வந்தது. பணம் வேறொரு அறக்கட்டளைக்குப் போனது. அந்த நிறுவனத்தை நான் குறை சொல்லவில்லை, சட்டம் அப்படி. ஆனால் கல்லூரியில் போய் இதைச் சொன்னபோது அந்த ஹெச்.ஓ.டி. முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் லேபுக்கு அறையையே காலி செய்து வெள்ளையடித்து வைத்திருந்தார்.

அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகரச் சொத்து 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய், இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம் கடைசி மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். கல்வி, தொழிற்பயிற்சி இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே சென்னையில் தலைமையகம் இருக்கும் பெரிய பெயர்களைத் துரத்துவதை விட, கல்லூரிக்குப் பக்கத்து சிப்காட்டில் ஆலை வைத்திருக்கும் நடுத்தர நிறுவனத்தின் கதவைத் தட்டுங்கள். லாபம் 5 கோடியைத் தாண்டிய ஆட்டோ உதிரிபாகக் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. அங்கே சூப்பர்வைசராக நம் கல்லூரிப் பிள்ளையே இருப்பான்.

2021 ஜனவரியில் இந்த விதிகளைத் திருத்தினார்கள். அந்த ஏப்ரல் 1 முதல், ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். பணியைச் செய்து தரும் சங்கமோ அறக்கட்டளையோ மத்திய அரசிடம் சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும். படிவத்தை ஆடிட்டரோ கம்பெனி செக்ரட்டரியோ சான்றளிக்க வேண்டும். நம்மைப் போன்ற சங்கத்துக்கு 12ஏ, 80ஜி இரண்டும் வேண்டும், அதோடு இதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் காட்ட வேண்டும். அனுபவம் என்றால் வாயால் சொல்வது இல்லை, தணிக்கை செய்த கணக்கில் தெரிய வேண்டும். இன்று தொடங்கினால் மூன்று வருடம் கழித்துத்தான் பலன். அதனால்தான் சொல்கிறேன், கையில் ஒரு நன்கொடையாளர்கூட இல்லாவிட்டாலும் இந்த வருடமே சங்கத்தின் பெயரில் ஏதாவது சிறு வேலை செய்து, ரசீது வைத்து, கணக்கைத் தணிக்கை செய்து வையுங்கள். ஐம்பது மாணவர்களுக்கு டிராயிங் கருவி வாங்கிக் கொடுத்தாலும் போதும்.

எங்கள் சங்கத்தை உயிர்ப்பித்ததே தனிக் கதை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவான சங்கம் வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தர வேண்டும். விட்டுப்போன வருடங்களுக்கெல்லாம் தாமதக் கட்டணம் கட்டி, பழைய பொருளாளரைத் தேடிப் பிடித்து, அவர் வீட்டுப் பரணில் இருந்த பேங்க் பாஸ்புக்கை எடுத்து வந்து கணக்கு எழுதினோம். பழைய தலைவர் தவறிவிட்டிருந்தார், அவர் மகனிடம் போய் மினிட்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினேன். ஆடிட்டர் கட்டணம், பதிவுத் துறை அலைச்சல், ஒசூரிலிருந்து ஊருக்குப் பஸ் என்று என் கைக்காசின் பெரும்பகுதி கரைந்தது இதில்தான். பொறுப்பேற்கும் அன்றைக்கே கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால், சரி, பொறுப்பை ஏற்கலாம், ஆனால் முதல் வருட வேலை இதுதான் என்று பொதுக்குழுவிலேயே சொல்லி, அதற்கான செலவுக்கும் தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல காரியத்துக்குத்தானே என்று மௌனமாகச் சொந்தப் பணத்தைப் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் தரவும் மாட்டார்கள். வீட்டில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நாம்.

அடுத்தது வெளிநாட்டுப் பணம். இதைத்தான் எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதில் தவறினால் கிரிமினல் வழக்கு வரைக்கும் போகும். என் வகுப்புத் தோழன் ஒருவன் அமெரிக்காவில் இருக்கிறான், அந்த நாட்டுக் குடிமகனாகிவிட்டான். 18 லட்சம் கைநழுவிய கதையைக் கேட்டு மனசு தாங்காமல், என்னிடம்கூடச் சொல்லாமல், இரண்டரை லட்சம் ரூபாய் அளவுக்குச் சங்கக் கணக்கில் போட்டுவிட்டான். எனக்குக் கண்ணீரே வந்தது. மறுநாள் ஆடிட்டரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் சொன்னது: "சார், அதுல ஒரு ரூபா தொடாதீங்க. உடனே பேங்குக்குக் கடிதம் எழுதித் திருப்பி அனுப்புங்க."

விஷயம் இதுதான். வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர், அவர் நம் ஊரிலேயே பிறந்தவராக இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், 'வெளிநாட்டு மூலம்'தான். அவரிடம் பணம் வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு பெற்ற அமைப்புகள்கூட 2021 ஏப்ரலிலிருந்து புது தில்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்கி அதில் மட்டுமே வாங்க முடியும். ஒரு பதிவு பெற்ற டிரஸ்ட் மூலமாக வாங்கி நமக்கு மாற்றிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். 2020 திருத்தத்தோடு அந்த வழியும் அடைபட்டுவிட்டது, ஒரு அமைப்பு இன்னொன்றுக்கு வெளிநாட்டு நன்கொடையைக் கைமாற்றக் கூடாது. பணத்துக்குப் பதில் பழைய லேப்டாப்பாக அனுப்புகிறேன் என்றாலும் பொருளும் நன்கொடைதான். ஆனால் துபாயிலோ சிங்கப்பூரிலோ இந்திய பாஸ்போர்ட்டோடு வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய பாஸ்போர்ட் முதல் பக்க நகலை வாங்கி ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பியதில் வங்கிக் கட்டணம், நாணய மாற்று வித்தியாசம் என்று நண்பனுக்கு ஒரு தொகை நஷ்டம். பணத்தை விட, 'நான் கொடுத்தது உங்களுக்கு வேண்டாமா' என்று அவன் கேட்டதுதான் எனக்கு வலித்தது. சட்டத்தை வரி வரியாக விளக்கிய பிறகு சமாதானமானான். இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை மூன்றாமாண்டு மாணவர்களுக்கு இணையத்தில் பி.எல்.சி. வகுப்பு எடுக்கிறான். காசு வாங்க முடியாத இடத்தில் நேரம் வாங்கலாம் என்று அப்படித்தான் தெரிந்தது.

உள்ளூர்ப் பணம் திரட்டுவதிலும் சில விஷயங்கள் உண்டு. நான் வரும்போது நன்கொடையெல்லாம் ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் நேர்மையானவர், ஒரு பைசா தவறவில்லை. ஆனாலும் அவருடைய வருமானக் கணக்கில் அது கலந்து நிற்கும், நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் அவருக்குத்தான் அவமானம். சங்கத்தின் பெயரில் பான், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, அந்தக் கணக்குக்கே கியூ.ஆர். கோடு. இது நான்கும் இல்லாமல் ஒரு ரூபாய் கேட்காதீர்கள். 80ஜி கிடைத்த பிறகு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருபவருக்கு வரிச் சலுகை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு நிதியாண்டின் நன்கொடைப் பட்டியலையும் அடுத்த மே 31-க்குள் 10பிடி படிவத்தில் தாக்கல் செய்து, கொடுத்தவர்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும், தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் என்பது நான் இதையெல்லாம் செய்த காலத்து நடைமுறை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களையும் படிவ எண்களையும் ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதில் என் கணிப்பு முழுக்கத் தலைகீழானது. பெரிய பதவியில் இருப்பவர்கள் 'கண்டிப்பா பண்ணலாம்' என்றார்கள், அதோடு சரி. ஐநூறு, ஆயிரம் என்று முதலில் கொடுத்தவர்கள் சின்ன ஒர்க்ஷாப் வைத்திருப்பவர்கள், மின்வாரியத்தில் கேங்மேனாகச் சேர்ந்து மேலே வந்தவர்கள், வீட்டில் முதன்முதலாகப் படித்தவர்கள். ஹாஸ்டல் மெஸ் பாக்கி கட்ட முடியாமல் தவித்த ஒரு பெண் இப்போது பொதுப்பணித் துறையில் இருக்கிறார், அவர் மட்டும் இருபத்தைந்தாயிரம் அனுப்பினார். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக அறிவிப்பு போட்டால் கை கூப்பும் படம்தான் பதிலாக வரும். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒருவர் பொறுப்பு, அவர் தன் வகுப்பு ஆட்களைப் போனில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், எதற்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். 'கல்லூரி வளர்ச்சிக்கு' என்று கேட்டபோது வராத பணம், 'ஒரு மைக்ரோமீட்டர் வாங்க' என்று விலையைச் சொன்னதும் வந்தது.

இனி திட்டமிடல். என்ன தேவை என்று கேட்டதும் ஒவ்வொரு துறையும் ஒரு பட்டியல் தந்தது. எல்லாம் சேர்ந்து கோடியைத் தாண்டியது. அதைத் தூக்கிக்கொண்டு ஒரு நிறுவனத்துக்குப் போனேன். அங்கே இருந்த மேடம் நேராகக் கேட்டார்: "54 அரசு பாலிடெக்னிக்கையும் 2,783 கோடியில் மேம்படுத்தப் போறதா பட்ஜெட்டில் சொல்லியிருக்காங்களே சார், அப்புறம் எங்க காசு எதுக்கு?" 2023-24 பட்ஜெட்டில் அந்த அறிவிப்பு உண்மைதான். அதற்கு முன்பே 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. ஐ.டி.ஐ. வேறு துறை, பாலிடெக்னிக் கிண்டியில் இருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருவது என்ற வித்தியாசம்கூட வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தேன். அரசு பெரிய இயந்திரங்களைத் தரும், தரட்டும், அது அரசின் கடமை. அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேண்டிய சின்னப் பொருள்களுக்குத்தான் வழியே இருப்பதில்லை. டூல் பிட், வெர்னியர், டயல் கேஜ், யு.பி.எஸ். பேட்டரி, சர்வீஸ் ஆள் வந்து போகும் செலவு, இவைதான். உதவித்தொகையிலும் அப்படித்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, டிப்ளமோவுக்கும் உண்டு. அதே மாதிரி இன்னொரு ஆயிரம் கொடுப்பதை விட்டுவிட்டு, பயிற்சிக்கு வெளியூர் போகும் பிள்ளைக்கு முதல் மாத ரூம் அட்வான்ஸ் கொடுக்க முடிவு செய்தோம். அரசு என்ன தருகிறது என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைக் கேளுங்கள். இயக்ககம் 2023-ல் பாடத்திட்டத்தை மாற்றியது. புதிய பாடத்திட்டத்தின் லேப் பயிற்சிகளை எடுத்து வைத்து, எந்தக் கருவியை அதிகப் பிள்ளைகள் தொடுவார்கள் என்று பார்த்து வரிசைப்படுத்தினோம். கோடி ரூபாய்ப் பட்டியல் பத்து லட்சத்துக்குள் வந்தது.

வாங்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2022-ல் ஒரு பேட்ச் சேர்ந்து புதுப்பித்த கம்ப்யூட்டர் இருபது வாங்கித் தந்தது. விழா, சால்வை, போட்டோ எல்லாம் ஆனது. பெட்டிகள் ஒரு வருடத்துக்குக் கிட்டத்தட்ட பிரிக்காமலே கிடந்தன. லேப் இன்ஸ்ட்ரக்டர் தம்பி சொன்னார், "அந்த ரூம் வயரிங் தாங்காதுண்ணே, நாலு சிஸ்டம் போட்டாலே ட்ரிப் ஆகுது." அரசுக் கட்டடத்தில் நாமே எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போய் வயர் இழுக்க முடியாது. பொதுப்பணித் துறையின் மின் பிரிவு மதிப்பீடு போட வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், அதன் பிறகுதான் வேலை. அதற்குள் யு.பி.எஸ். பேட்டரிகள் செத்துவிட்டன, மாற்ற இன்னொரு முப்பதாயிரம். பொருளுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அந்த அறையில் போய் நில்லுங்கள். பிளக் பாயிண்ட் எண்ணுங்கள், எர்த்திங் கேளுங்கள், த்ரீ பேஸ் இருக்கிறதா பாருங்கள், மழையில் ஒழுகுமா என்று அட்டெண்டரைக் கேளுங்கள், சாவி யாரிடம் இருக்கும் என்றுகூடக் கேளுங்கள்.

நிறுவனங்கள் தரும் பழைய கம்ப்யூட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். அதனால் நிறைய அலுவலகங்கள் பழைய இயந்திரங்களைக் கழிக்கின்றன, 'கல்லூரிக்குத் தருகிறோம்' என்று போன் வருகிறது. வாங்கலாம், ஆனால் எந்தத் தலைமுறை, ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா கழற்றிவிட்டார்களா, மானிட்டர் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். உபுண்டு போன்ற லினக்ஸ் போட்டால் பழையவையும் ப்ரோக்ராமிங் லேபுக்கு நன்றாகவே ஓடும். ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் லினக்ஸ், சி, பைத்தான் எல்லாம் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன. தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்து வரும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று நேரில் பார்த்தேன். மென்பொருள் உரிமத்தில் இன்னொரு அடி வாங்கினோம். ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு சி.ஏ.எம். (கணினி வழி உற்பத்தி) மென்பொருளுக்கு ஒரு வருட லைசன்ஸ் வாங்கித் தந்தார். அடுத்த வருடம் புதுப்பிக்கக் கேட்ட தொகையைப் பார்த்து லேப் அப்படியே நின்றது. எந்த மென்பொருளாக இருந்தாலும் இரண்டாம் வருடம் யார் கட்டுவது என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். ஆட்டோகேட் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கல்வி உரிமத்தில் இலவசம் என்பது தெரியாமல் அதற்குக் காசு சேர்த்த சங்கமும் எனக்குத் தெரியும்.

கடைசியில் எங்களுக்குக் கதவு திறந்த வழி வேறு. பக்கத்து சிப்காட்டில் ஒரு நிறுவனம், அங்கே எங்கள் ஜூனியர் ஒருவர் மெயின்டனன்ஸில் இருக்கிறார். அவர்களுடைய கம்பெனி செக்ரட்டரிதான் சொன்னார்: சங்கம் நடுவில் வரவே தேவையில்லை, நிறுவனம் தானே நேரடியாகப் பொருளை வாங்கிக் கல்லூரிக்குக் கொடுக்கலாம், சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கிய சொத்து பொது அதிகார அமைப்பின் பெயரில் இருக்க விதியில் இடம் உண்டு, அரசுக் கல்லூரி அதில் வரும் என்று. இதைக் கேட்டபோது எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. 2022 மார்ச்சில் யாராவது இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அந்த 18 லட்சம் லேப் இன்று இருந்திருக்கும்.

8 லட்சம் ஒதுக்கினார்கள். இங்கும் ஒரு இடறல். கொட்டேஷனில் 8 லட்சம் என்று இருந்ததன் அடியில் 'வரி தனி' என்று பொடி எழுத்தில் இருந்தது. 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றால் 1,44,000 ரூபாய். 2023 அக்டோபரிலிருந்து சி.எஸ்.ஆர். செலவுக்கு உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது என்பதால் நிறுவனத்தால் அதைத் திரும்பப் பெறவும் முடியாது. இரண்டு பயிற்சிப் பெட்டியைக் குறைக்க வேண்டியதாயிற்று. வரி, லாரி வாடகை, இறக்கு கூலி, நிறுவும் செலவு, மூன்று வருட ஏ.எம்.சி. (பராமரிப்பு ஒப்பந்தம்) எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகக் கொட்டேஷன் கேளுங்கள். இயந்திரம் இருபது லட்சமாக இருந்தாலும் இரண்டு லட்சமாக இருந்தாலும் இதே வழிதான். ஏப்ரல், மே மாதத்திலேயே போய்க் கேளுங்கள், அப்போதுதான் அவர்கள் வருடத் திட்டம் போடுவார்கள். பிப்ரவரியில் கிடைக்கும் பணம் அவசரத்தில் வரும், அவசரத்திலேயே போகும்.

கல்லூரிப் பக்கமும் மதிக்க வேண்டிய நியாயம் உண்டு. முதல்வர் மேடம் ஆரம்பத்தில் தயங்கினார். எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு அவரே சொன்னார்: "நீங்க குடுத்துட்டுப் போயிடுவீங்க சார். ஆடிட் வந்தா பதில் சொல்றது நான்." அரசுக் கல்லூரியின் முதல்வர் நன்கொடைப் பணத்தைக் கையில் வாங்கித் தன் விருப்பப்படி செலவழிக்க முடியாது, பொருளாக வந்தாலும் கடிதமும் ஸ்டாக் ரிஜிஸ்டர் பதிவும் வேண்டும். அதனால் எங்கள் தரப்பிலிருந்தே கடித வரைவு, பொருள் பட்டியல், சீரியல் எண்கள், இன்வாய்ஸ் நகல், உத்தரவாத அட்டை எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கொடுத்தோம். இயக்ககத்துக்குத் தெரிவிக்கும் கடிதத்தையும் அவர்களோடு உட்கார்ந்து எழுதினோம். அதன் பிறகு வேலை ஓடியது. பதிவேட்டில் ஏறாத பொருள் ஆசிரியருக்குத் தலைவலி. காணாமல் போனால் பழி அவர் மேல், பழுதானால் சரி செய்யவும் கணக்கில் வழி இல்லை.

இந்த அலைச்சலில் வேறு மூன்று அரசு பாலிடெக்னிக் சங்கங்களின் செயலாளர்களைப் பழக்கம் பிடித்தேன். எல்லாரும் தனித்தனியாக இதே சுவரில் முட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் நின்றார், ஒருவருக்கு மலேசியக் குடிமகன் அனுப்பிய பணச் சிக்கல், இன்னொருவரிடம் பிரிக்காத பெட்டிகள். அரசுப் பள்ளிகளுக்கு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று ஒரு பொது அமைப்பைத் தொடங்கினார்கள், பழைய மாணவரும் நிறுவனமும் ஒரே இடத்தில் கொடுக்க முடிகிறது. 54 பாலிடெக்னிக்குக்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். பதிவு, வரி, ஒப்பந்தம், பராமரிப்பு இதையெல்லாம் தெரிந்த நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு ஊர் செயலாளரும் சொந்தக் காசில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அது வரும் வரை நாங்கள் நான்கு சங்கமும் கடித வரைவுகள், கொட்டேஷன் மாதிரிகள், நிறுவனங்களுக்கான இரண்டு பக்க ப்ரொபோசல் எல்லாவற்றையும் ஒரு பொதுக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறோம். ஒரே ஆடிட்டரிடம் நான்கு சங்கக் கணக்கும் போகிறது, கட்டணமும் குறைந்தது. எங்கள் சங்கத்துக்கு 12ஏ, 80ஜி கிடைத்துவிட்டது, மூன்றாவது வருடக் கணக்குத் தணிக்கை இப்போது நடக்கிறது, அது முடிந்ததும் சி.எஸ்.ஆர்-1 போடுகிறோம். அடுத்த ஏப்ரலில் நான்கு கல்லூரிக்கும் சேர்த்து அளவீட்டுக் கருவிகளுக்கு ஒரே கோரிக்கையாகக் கொடுக்கப் போகிறோம். மொத்தமாக வாங்கினால் விலை எவ்வளவு குறையும் என்று இரண்டு டீலர்களிடம் கேட்டிருக்கிறோம்.